பிங்கை நிறுத்தினா பாதுகாப்பா?

ரவுட்டர்ல ஃபயர்வால் ரூல் எழுத உட்கார்ற நம்மாளுங்க பலர் முதல்ல செய்யுற காரியம், ஐசிஎம்பி மொத்தத்தையும் டிராப் பண்றது. பிங் போகலைன்னா எவனும் உள்ளே வரமாட்டான்னு ஒரு நெனப்பு. 1996-ல 'பிங் ஆஃப் டெத்' பல மெஷின்களைப் படுக்கப் போட்டப்போ அந்த பயம் நியாயம். அந்தப் பழைய ஓட்டையை எப்பவோ அடைச்சாச்சு. பயம் மட்டும் போகலை.

ஐசிஎம்பின்னா வெறும் பிங் இல்லீங்க. ஈதர்நெட்ல பாக்கெட் 1500 பைட் வரைக்கும் போகும். பிபிபிஓஈ கனெக்ஷன்ல பொதுவா 1492 தான். உடைக்கக் கூடாதுன்னு குறிச்ச பெரிய பாக்கெட் வந்தா, "கொள்ளாது, சின்னதா அனுப்பு"ன்னு நடுவுல இருக்குற ரவுட்டர் சொல்றதே ஐசிஎம்பி வழியாத்தான். அந்தச் சேதியையே தடுத்துட்டா? லாகின் ஆகும், சின்னப் பக்கம் திறக்கும், பெரிய ஃபைல் மட்டும் தொங்கும். நானே ஒரு ராத்திரி பூரா கேபிளை மாத்தி மாத்திப் பாத்துட்டு, கடைசியில நான் எழுதின ரூல்தான் வில்லன்னு கண்டுபிடிச்சேன் :-)

ஐபி வி6-ல இன்னும் மோசம். நடுவுல உள்ள ரவுட்டர் பாக்கெட்டை உடைக்கவே உடைக்காது. பக்கத்து மெஷினைக் கண்டுபிடிக்கக்கூட ஐசிஎம்பி வேணும். எதை விடணும், எதைத் தடுக்கலாம்னு 2007-லயே ஆர்எஃப்சி 4890 பிரிச்சுச் சொல்லியிருக்கு.

பிங் பிடிக்கலையா, வெளியிலேருந்து வர்ற எக்கோ ரிக்வெஸ்ட்டை மட்டும் அடைங்க. மொத்தமா அடைக்கிறதுக்குப் பேர் பாதுகாப்பு இல்லை, சோம்பேறித்தனம். என்ன நாஞ்சொல்றது?