செக்றோலில் ஏறாத உயிர்கள்

கஹவத்தையைச் சூழ்ந்த தோட்டங்களில் எழுதப்படாதவை சிலவே. பறித்த கொழுந்தின் நிறை எழுதப்படுகிறது; இறப்பர்ப்பாலின் அளவு எழுதப்படுகிறது; பெய்த மழையும் அளக்கப்படுகிறது; வேலைக்கு வந்தோர் பெயர் செக்றோலில் ஏறுகிறது. லயத்துப் பீலிக்கு நீர் தரும் ஓடையின் நலத்தை எழுதிவைக்கும் வழக்கமோ வேரூன்றவில்லை. அதனை எழுதுதற்கு வேண்டிய சாட்சிகள் ஓடையிலேயே உள்ளன. கற்களுக்கடியில் வாழும் சிறிய முள்ளந்தண்டிலிகளே அச்சாட்சிகள்.

சிறகு முளைத்தபின் மிகச் சில நாளே வாழும் மே ஈ, தன் இளம்பருவம் முழுவதையும் நீரடியில் அணங்காகக் கழிக்கிறது. கடிஸ் ஈயின் குடம்பிகளுட் பல மணற்றுணுக்குகளாற் கூடு சமைத்து அதனுள் வாழ்வன. இவற்றுட் பெரும்பாலானவை ஒட்சிசன் நிறைந்த தெளிநீரையே வேண்டுவன. நீர் அழுக்குற்று ஒட்சிசன் குன்றுமிடத்து இவை மறைய, செந்நிறக் கைரனோமிட் குடம்பிகளும் தியூபிபெக்ஸ் புழுக்களும் பெருகுகின்றன. இவ்வடிப்படையிலேயே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியரான கொல்க்விட்ஸ், மார்சன் என்போர் நீர்நிலைகளைத் தரப்படுத்தினர். பின்னர் பிரித்தானியாவில், உயிர்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை புள்ளியிடும் முறை வகுக்கப்பட்டது. கைவலை, வெண்ணிறத் தட்டு, உருப்பெருக்கி ஆகிய மூன்றும் இருப்பின் பணியைத் தொடங்கலாம்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, இரசாயனச் சோதனையே போதும் என்பது. போத்தலில் அடைத்த நீர் அந்நேரத்து நிலையை மட்டுமே கூறும். இரவு மழையிற் கழுவுண்டு வந்த களைநாசினியும், மாணிக்கக் குழியில் இல்லம் கழுவிய சேற்றுநீரும் மறுநாட் காலையிற் கடந்து போயிருத்தல் கூடும். வாரக்கணக்கில் அங்கேயே வாழ்ந்த உயிர்களின் திடீர் மறைவு அதனைக் காட்டிக்கொடுக்கும். நோய்க்கிருமி உண்டா, கலந்த நஞ்சு யாது என்பவற்றை இவ்வுயிர்கள் கூறமாட்டா. அதற்கு ஆய்வுகூடமே வேண்டும். குடிநீரைக் கொதிக்கவைத்தலும் வேண்டும். ஆயினும், எந்த ஓடையின் நீர் ஆய்வுகூடத்துக்கு முதலிற் செல்லவேண்டும் என்பதை இவை உணர்த்தும்.

புழு பூச்சிகளை எண்ணுதல் வீண்வேலை என்பது இரண்டாவது மறுப்பு. 1934–35ஆம் ஆண்டுகளின் வரலாறு இதற்கு விடை பகரும். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, அவற்றில் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு பெருகியது. கேகாலை மாவட்டம் பெருந்துயருற்றது. நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மலேரியாவுக்குப் பலியாயினர். குட்டைதோறும் குடம்பி தேடி எண்ணும் பணி, மலேரியாத் தடுப்பின் ஓர் அங்கமாயிற்று. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நீரிற் பகைவரை எண்ணக் கற்ற நாட்டுக்கு நண்பரை எண்ணுதல் மட்டும் வீணாகுமோ?

இது நிபுணர்க்கே உரியது என்பது மூன்றாவது மறுப்பு. நிபுணர் பணி பெரிது. 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழுவினர் இலங்கையிற் பூச்சியினங்களையும் பிற உயிர்களையும் திரட்டினர். 1990இல் சி. எச். பெர்னாண்டோ இலங்கையின் நன்னீர் உயிர்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஓடைநண்டுப் பேரினம் ஒன்று லுண்ட் குழுவைச் சேர்ந்த பேர் பிரிங்கின் பெயரைத் தாங்குகிறது. இத்தீவில் அறியப்பட்ட ஏறத்தாழ 50 நன்னீர் நண்டினங்களுள் அநேகமாக அனைத்தும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. இவ்வறிவெல்லாம் ஆங்கிலத்தில் உறைகிறது. அந்நண்டைப் பிடித்து விளையாடும் தோட்டத்துச் சிறுவனுக்கு எட்டவில்லை. மேலும், ஐரோப்பியப் புள்ளி அட்டவணை சப்பிரகமுவைக்கு அப்படியே பொருந்தாது. குளிர்நாட்டு ஓடைகளிற் பல்கிய கல் ஈ வகைகள் இலங்கையில் மிகச் சிலவே. எனவே உள்ளூர்ப் பதிவின்றி உள்ளூர் அளவுகோல் உருவாகாது. அப்பதிவை ஆண்டுதோறும், மாரியிலும் கோடையிலும் இடையறாது செய்யவல்லோர் அங்கு வாழ்வோரே.

ஆகவே தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றும் தன் அயல் ஓடைக்கு ஓர் ஏடு தொடங்கல் வேண்டும். விலங்கியல் துறையினர் படங்களுடன் கூடிய தமிழ்க் கைந்நூல் ஒன்றை ஆக்கித் தரல் வேண்டும். சிறுவர் வழங்கும் பெயர்களைத் திரட்டி அந்நூலிற் சேர்க்கும் கடமை தமிழ் மாணவருடையது. அறிவியலை விஞ்ஞான பீடத்துக்கும் பெயர்களைக் கலைப்பீடத்துக்கும் பங்கிட்டுவிட்டு இரு சாராரும் வாளாவிருத்தல் தகாது. ஓடைநீரைக் குடிப்போர் கையில் அதன் கணக்கும் இருத்தல் வேண்டும். கொழுந்தின் கணக்கைத் துரைமார் எழுதினர். நீரின் கணக்கையேனும் தொழிலாளரின் பிள்ளைகள் எழுதட்டும்.