ஒரு கண் போதாது!



முதலில் ஒரு சின்ன விளையாட்டு. ஒரு பேனா மூடியைப் படுக்கை வசமாகப் பிடித்துக்கொள்ளும்படி உங்கள் தோழரிடம் கொடுங்கள். கை எட்டும் தூரத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து பேனாவை மூடிக்குள் நுழையுங்கள் பார்க்கலாம். தடுமாறுகிறதா? இப்போது இரண்டு கண்களையும் திறந்துகொண்டு செய்யுங்கள். எவ்வளவு சுலபம்!

ஏன் தெரியுமா? ஒரு பொருள் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒரு கண் சொல்லிவிடும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சரியாகச் சொல்ல, வேறு இடத்திலிருந்து பார்க்கும் இன்னொரு கண் வேண்டும்.

கேமராவுக்கும் இதே கதைதான். கத்தாரில் 2022 நவம்பர் 20 அன்று உலகக் கோப்பைக் கால்பந்தின் முதல் ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே ஈக்குவடார் வீரர் என்னர் வலென்சியா பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால், 'கோல் செல்லாது' என்று அறிவிப்பு வந்தது! சக வீரர் ஒருவரின் கால் சற்றே முன்னால், ஆஃப்சைடில் இருந்ததாம்.

அதைக் கண்டுபிடித்தது எது? அரங்கக் கூரையின் கீழ் பொருத்தியிருந்த 12 கேமராக்கள். ஒவ்வொரு வீரரின் உடம்பிலும் 29 இடங்களை, நொடிக்கு 50 முறை அவை கவனித்தன. முன்பெல்லாம் அசைவைப் பதிவு செய்ய, உடம்பெங்கும் மின்னும் சிறு உருண்டைகளை ஒட்டுவார்கள். இங்கே வீரர்கள் உடம்பில் எதையுமே ஒட்டவில்லை!

இப்படிப்பட்ட கேமராக்களை அமைக்க நான்கு விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, எந்த இடமும் குறைந்தது இரண்டு கேமராக்களுக்குத் தெரிய வேண்டும். ஒருவரை இன்னொருவர் மறைத்தால், வேறொரு கேமரா கைகொடுக்கும்.

இரண்டு, எல்லாம் ஒரே கணத்தில் படமெடுக்க வேண்டும். நொடிக்கு 8 மீட்டர் ஓடுபவர், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் 16 செ.மீ. நகர்ந்துவிடுவாரே!

மூன்று, ஒவ்வொரு கேமராவும் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கணினிக்குத் தெரிய வேண்டும். ஆய்வுக்கூடங்களில், அளவு தெரிந்த கறுப்பு வெள்ளைக் கட்ட அட்டையைக் காட்டி இதைக் கணக்கிடுவார்கள். அதன்பின் கேமரா லேசாக அசைந்தாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்!

நான்கு, ஒவ்வொரு படத்திலும் தோள், முழங்கை, முழங்கால் எது என்று கணினி அடையாளம் காண வேண்டும். ஏராளமான படங்களைப் பார்த்து அது முன்பே பழகியிருக்கும். பிறகு, ஒவ்வொரு கேமராவிலிருந்தும் முழங்காலை நோக்கி ஒரு கோடு போடும். கோடுகள் சந்திக்கும் இடம்தான் முழங்கால்!

அத்தனையும் இருந்தும், கணினி சொன்னதை மனிதர்கள் சரிபார்த்த பிறகே நடுவரிடம் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது, ஆசிரியராக இருந்த காலத்தில் நான் செய்த ஒரு தவறு நினைவுக்கு வந்தது. தேர்வு நேரம். ஒரு மாணவி பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. விசாரிக்காமல் அவள் தாளைப் பிடுங்கிவிட்டேன். சன்னலுக்கு வெளியே நின்ற ஆசிரியை ஒருவர் உள்ளே வந்து, "பாவம், கீழே உருண்ட பென்சிலைத்தான் தேடினாள்" என்றார். மன்னிப்புக் கேட்டேன், தாளைத் திருப்பித் தந்தேன். அவள் இழந்த இருபது நிமிடத்தை மட்டும் என்னால் திருப்பித் தர முடியவில்லை.

ஒரு காலின் இடத்தை அறியவே 12 கேமராக்கள் வேண்டியிருக்கின்றன. ஒரு மனதை அறிய நம் ஒரு பார்வை போதுமா? யார் மீதாவது கோபம் வந்தால், முதலில் அவர் பக்கத்தையும் கேளுங்கள் செல்லங்களே!

அடுத்த வாரம் சந்திப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்