அம்மா செத்தால்தான் அனுமதி

'ஃபுல் ஹவுஸ்' தொடரைப் பற்றி யார் பேசினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ரத்த உறவு முக்கியமில்லை, அன்பு இருந்தால் அதுவே குடும்பம். கூடவே "அந்தக் காலத்துல எவ்வளவு வெள்ளந்தியா எடுத்திருக்காங்க" என்று ஒரு பெருமூச்சு. எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் தீராத எரிச்சல். தொடர் பிடிக்காதா என்றால், பிடிக்கும். வசனம் சுமார், சிரிப்புச் சத்தம் தாங்க முடியாது, இருந்தும் ஓடினால் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் அது பிடிப்பதற்குக் காரணம் அன்பு என்று சொல்கிறார்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கம். 1987 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் தொடங்கி 1995 மே வரை ஓடியது. எட்டு சீசன், 192 எபிசோட். சான் ஃபிரான்சிஸ்கோவில் விளையாட்டுச் செய்தி வாசிக்கும் டேனி டேனரின் மனைவி பாம், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவனால் விபத்தில் இறந்துபோகிறாள். மூன்று பெண் குழந்தைகள், கடைசிப் பெண் மிஷெல் கைக்குழந்தை. பாமின் தம்பி ஜெஸ்ஸியும் டேனியின் பால்ய நண்பன் ஜோயியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு வருகிறார்கள். கொஞ்ச நாளைக்கு என்று வந்தவர்கள் எட்டு வருடமும் போகவில்லை. கதை அவ்வளவுதான்.

இதில் எது நம்மை இழுக்கிறது? எண்ணிப் பாருங்கள். மூன்று குழந்தைக்கு மூன்று பெரியவர்கள். அதிலும் ஜெஸ்ஸி பாட்டுக்காரன், ஜோயி மேடையில் ஜோக் சொல்பவன். இருவருக்கும் ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஆபீஸ் கிடையாது. பின்னால் இருவரும் சேர்ந்து விளம்பரப் பாட்டு எழுதும் வேலையையும் வீட்டிலிருந்தேதான் செய்கிறார்கள். எனவே மூத்தவள் டி.ஜே. பள்ளியிலிருந்து முகம் வாடி வரும்போது வீட்டில் ஒரு ஆள் இருக்கிறது. நடுவுள்ளவள் ஸ்டெஃபனி மாடியில் அழும்போது கட்டில் விளிம்பில் வந்து உட்கார, அந்த உருக்கமான பின்னணி இசை முடியும்வரை பேச, இன்னொரு ஆள் இருக்கிறது. நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று தாங்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் இன்றைக்கு யார் லீவு என்று காலை ஏழு மணிக்குச் சண்டை போடும் புருஷன் பெண்டாட்டி, பேக்கப் இல்லாமல் ஓடும் சிஸ்டம். டேனர் வீட்டில் எப்போதும் யாரோ ஒருவர் ஆன்-கால். அந்த வசதியைப் பார்த்துத்தான் நமக்கு ஏக்கம் வருகிறது. பகல் முழுக்க உழைத்துவிட்டு பஸ் பிடித்து வரும் ஒற்றைத் தாய்க்கு அன்பில்லையா என்ன? அவளிடம் இல்லாதது கட்டில் விளிம்பில் உட்கார அரை மணி நேரம்.

இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டைக் கல்யாணத்தால்கூடக் கலைக்க முடியவில்லை. ஜெஸ்ஸி, ரெபெக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் போகிறான், மனசு கேட்காமல் திரும்பி வருகிறான். பரணைச் சரிசெய்து அங்கேயே குடியேறுகிறார்கள், இரட்டைக் குழந்தையும் பிறக்கிறது. டேனிக்கு விக்கியோடு நிச்சயமான கல்யாணம் நின்றுபோகிறது. இதோடு 'தி கோல்டன் கேர்ள்ஸ்' (1985–92) தொடரை ஒப்பிடுங்கள். மயாமியில் ஒரே வீட்டில் வாழும் நான்கு வயதான பெண்கள். என் கணக்கில் 'ஃபுல் ஹவுஸை'விடப் பத்து மடங்கு நல்ல தொடர், எழுத்திலும் நடிப்பிலும். அதை எப்படி முடித்தார்கள்? டோரத்திக்குக் கல்யாணம் ஆகிறது, அவள் போகிறாள், வீடு கலைகிறது. பெண்கள் சேர்ந்து கட்டிய வீட்டைப் பூட்ட ஒரு மாப்பிள்ளை போதும்.

இப்போது நான் சண்டைக்கு வரும் விஷயத்துக்கு வருகிறேன். தொடரை உருவாக்கிய ஜெஃப் ஃபிராங்க்ளினின் முதல் யோசனையில் குழந்தைகளே கிடையாது. மூன்று காமெடியன்கள் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், அவ்வளவுதான். சேனலுக்குக் குடும்பத் தொடர் வேண்டியிருந்தது. எனவே குழந்தைகள் வந்தார்கள். குழந்தைகள் வந்தால் அம்மா எங்கே என்ற கேள்வி வரும். அம்மாவைக் கொன்றார்கள். தானாக விரும்பி ஒன்றாக வாழும் மூன்று ஆண்கள் எட்டு மணிக்குக் குடும்பத்தோடு பார்க்கும் கதையாக முடியாது. ஒரு பிணத்தின் பெயரால் ஒன்றாக வாழும் மூன்று ஆண்கள் முடியும். பாம் அந்த வீட்டின் லைசென்ஸ்.

இது ஃபிராங்க்ளின் கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. அமெரிக்க டிவியில் பெண்டாட்டி செத்தவர்கள் ஊர்வலமே போகும். 1960-ல் தொடங்கிய 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ', அதே வருடத்து 'மை த்ரீ சன்ஸ்', இரண்டிலும் அப்பா மனைவியை இழந்தவர். 1966-ல் 'ஃபேமிலி அஃபேர்' வந்தபோது அப்பா அம்மா இருவருமே இல்லை, சித்தப்பாவும் அவருடைய வேலையாளும் வளர்க்கிறார்கள். விவாகரத்துக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. 'தி பிரேடி பன்ச்' (1969) கதையில் கேரல் விவாகரத்தானவளாக இருக்க வேண்டும் என்று எழுதியவர் விரும்பினார்; சேனல் மறுத்தது; கடைசிவரை அவளுடைய முதல் கணவனுக்கு என்ன ஆயிற்று என்று யாருமே சொல்லவில்லை. 1970-ல் மேரி டைலர் மூர் நடித்த தொடரிலும் கதாநாயகியை விவாகரத்தானவளாகத்தான் யோசித்தார்கள். சிபிஎஸ் சம்மதிக்கவில்லை. முந்தைய தொடரில் கணவனாக வந்த டிக் வான் டைக்கையே இவள் விட்டுவிட்டாள் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு! நின்றுபோன காதலாக மாற்றினார்கள்.

"கதைக்கு ஒரு தொடக்கம் வேணும்ல, அதுக்குப் போய் இவ்வளவு பேசணுமா?" என்று கேட்கலாம். பேச வேண்டும். சாவு இல்லாமல் தொடங்கியவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1992 மே மாதம் மர்ஃபி பிரவுன் என்ற டிவி பாத்திரம், கல்யாணமாகாமல் குழந்தை பெற்றுத் தனியாக வளர்க்க முடிவெடுத்தாள். நாட்டின் துணை ஜனாதிபதி டான் குவேல் அவளை மேடையில் வைத்துத் திட்டினார். அப்பாக்களின் முக்கியத்துவத்தைக் கேலி செய்கிறாளாம். திட்டிய ஊர் எது தெரியுமா? சான் ஃபிரான்சிஸ்கோ. டேனர் வீடு இருக்கும் அதே ஊர். அந்த சீசனில் 'ஃபுல் ஹவுஸ்' அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட முதல் பத்துத் தொடர்களில் ஒன்று. அங்கே அம்மாவே இல்லை, அதற்காக எந்தத் தலைவரும் அம்மாக்களின் முக்கியத்துவத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. இரண்டுமே பெற்றவர் ஒருவர் இல்லாத வீடுகள். ஒன்று நேர்ந்தது, மற்றது தேர்ந்தெடுத்தது. நேர்ந்ததற்குக் கைதட்டல், தேர்ந்தெடுத்ததற்கு வசவு.

அந்தக் கைதட்டலிலும் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. முதல் எபிசோடைத் திரும்பப் பாருங்கள். பாம் இறந்த பிறகு மூன்று மாதம் டேனியின் அம்மா வந்து தங்கிப் பேத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று மாதம் நம் கண்ணில் படுவதே இல்லை. பாட்டி ஊருக்குக் கிளம்பி, டயபர் மாற்றத் தெரியாமல் இரண்டு தடிமாடுகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறையில் திணறும்போதுதான் தொடர் சூடு பிடிக்கிறது. கிழவி செய்தால் அது கடமை, இவர்கள் செய்தால் காமெடி. அதே 1987-ல் அமெரிக்கத் தியேட்டர்களில் அதிகம் வசூலித்த படம் 'த்ரீ மென் அண்ட் எ பேபி'. 1984-லேயே 'கேட் அண்ட் ஆலி' என்று விவாகரத்தான இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வாழும் தொடர் வந்துவிட்டது. அதில் வாடகையை ஏற்றவிடாமல் தடுக்க இருவரும் வீட்டுக்காரியிடம் தாங்கள் காதல் ஜோடி என்று நடிக்க வேண்டியிருக்கிறது. வாடகை! 'ஃபுல் ஹவுஸில்' அந்த வார்த்தைக்கு யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை.

டிவி சமாச்சாரம்தானே என்று விடவும் முடியாது. நியூயார்க் மாநிலத்தில் பெல் டெர் என்றொரு சின்ன ஊர். ரத்தத்தாலோ தத்தாலோ திருமணத்தாலோ உறவில்லாத இருவருக்கு மேல் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தக் கூடாது என்று அங்கே விதி. ஆறு மாணவர்கள் சேர்ந்து வீடெடுத்ததில் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1974-ல் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. அந்த ஊரில் 'கோல்டன் கேர்ள்ஸ்' நால்வரும் வீடு பிடித்திருக்க முடியாது. விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால், ஜெஸ்ஸி மைத்துனன், தப்பித்துவிடுவான், ஜோயிக்கு இடமில்லை.

இதைவிட மோசமானது ஓஹையோவின் கிழக்கு கிளீவ்லேண்டில் நடந்தது. ஐனெஸ் மூர் என்ற கறுப்பினப் பாட்டி தன் மகனோடும் இரண்டு பேரன்களோடும் சொந்த வீட்டில் வாழ்ந்தார். பேரன்கள் அண்ணன் தம்பி கிடையாது, ஒருவன் ஒரு மகனின் பிள்ளை, மற்றவன் இன்னொரு மகனின் பிள்ளை. அந்த இரண்டாமவனுக்கு அம்மா இறந்துபோனதால்தான் பாட்டி வீட்டுக்கு வந்தான். கவனியுங்கள், 'ஃபுல் ஹவுஸ்' கதையேதான். நகர விதியின் 'குடும்பம்' என்ற வரையறையில் இப்படிப்பட்ட பேரன் அடங்கமாட்டான் என்று சொல்லிப் பையனை வெளியே அனுப்பச் சொன்னார்கள். பாட்டி மறுத்தார். ஐந்து நாள் சிறை, 25 டாலர் அபராதம். 1977-ல் உச்ச நீதிமன்றம் பாட்டியின் பக்கம் நின்றது, அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். ஒரே ஒரு நீதிபதி மாறி யோசித்திருந்தால் தாயில்லாப் பிள்ளை வீதிக்கு வந்திருப்பான். அன்பு இருந்தால் அதுவே குடும்பம் என்பவர்கள் ஐனெஸ் மூரிடம் அன்பு எவ்வளவு குறைந்திருந்தது என்று சொல்லட்டும்.

நகர சபைக்கும், வீட்டுக்காரருக்கும், 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று போர்டு மாட்டும் நம்மூர் ஹவுஸ் ஓனருக்கும் அன்பு ஒரு ஆவணமாகத் தெரிவதில்லை. அவர்கள் கேட்பது ரேஷன் கார்டு. தொடரைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டு, மூன்று நண்பர்கள் வீடு கேட்டு வந்தால் "பேச்சுலர்ஸ்க்கு இல்லப்பா" என்று கதவைச் சாத்துபவருக்கு அந்த வாக்கியம் ரொம்ப வசதி. எதையும் மாற்றாமலே நல்லவராக இருந்துகொள்ளலாம்.

2016-ல் நெட்ஃபிளிக்ஸ் அதே வீட்டைத் திரும்பத் திறந்தது, 'ஃபுல்லர் ஹவுஸ்' என்ற பெயரில். இம்முறை மூன்று பெண்கள் பிள்ளைகளோடு, டி.ஜே., தங்கை ஸ்டெஃபனி, தோழி கிம்மி. இடையில் இருபத்தோரு வருடம் ஓடியிருந்தது. முந்தைய வருடம்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தையே நாடு முழுக்க ஏற்றிருந்தது. மூன்று பெண்கள் பிள்ளை வளர்க்க ஒரே வீட்டில் சேர்ந்து இருக்கலாம் என்று முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான் காரணம் என்று எழுதியிருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்காது. எழுத்தாளர்கள் டி.ஜே.வுக்கு ஒரு கணவனைக் கொடுத்தார்கள். டாமி என்று பெயர், தீயணைப்பு வீரன். முதல் எபிசோட் தொடங்கும் முன்பே செத்துவிட்டான்.