கொட்டாரத்திலிருந்து குளச்சல் வரை

கன்னியாகுமரிக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் ஒரே வரிசையில் வரும். சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, இப்போது புதிதாகக் கண்ணாடிப் பாலம். வழியில் பத்மநாபபுரம் அரண்மனையும் பார்த்தோம் என்று சிலர் சேர்த்துக்கொள்வார்கள். எப்படி இருந்தது என்றால், “எல்லாம் மரமா இருந்துச்சு” என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சுற்றுலா பஸ் அங்கே நிற்பது முக்கால் மணி நேரம். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடி ஏறி இறங்கி, வெளியே வந்து நேந்திரங்காய் சிப்ஸ் வாங்குவதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார்.

அக்கா குடும்பத்தோடு போன மாதம் நாகர்கோவிலுக்குப் போனபோது, பஸ் வேண்டாம், ஒரு காரும் நமக்கு மட்டுமாக ஒரு வழிகாட்டியும் ஏற்பாடு செய்துகொள்வோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அத்தானுக்கு இஷ்டமில்லை. “அதான் போர்டுல எழுதி வச்சிருக்கானே, அதைப் படிச்சுக் காட்ட ஒரு ஆளுக்குக் காசா?” என்றார். வந்தது நாகர்கோவில்காரப் பெண், வரலாற்றில் எம்.ஏ. வண்டியில் ஏறும் முன்பே ஒரு நிபந்தனை போட்டாள். முதலில் கொட்டாரம், அதாவது பத்மநாபபுரம் அரண்மனை, அப்புறம் கடற்கரை. வரிசையை மாற்றக்கூடாது, குளச்சலை விடக்கூடாது.

“குளச்சல்ல என்னம்மா இருக்கு?”

“ஒரு தூண் இருக்கு சார்.”

“தூணைப் பாக்கவா இத்தனை தூரம்?”

“கொட்டாரத்தைப் பாத்துட்டு வந்து தூணைப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க.”

பத்மநாபபுரம் தக்கலைக்குப் பக்கத்தில், வேளிமலை அடிவாரத்தில் இருக்கிறது. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை திருவிதாங்கூர் ஆளப்பட்டது இங்கிருந்துதான். முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான். மைசூர் அரண்மனையின் பளபளப்பை நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தத் தாழ்ந்த ஓட்டுக் கூரை, வசதியான ஒரு தறவாட்டு வீட்டுக்கு மேல் ஒன்றும் சொல்லாது. பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். மரக் கூரையில் 90 பூக்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அத்தான் இருபது வரைக்கும் எண்ணிவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டார். மாடியில் ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலை. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ணம் ஏற்றிய அபிரகத் தகடுகள். வெளியே சுள்ளென்ற வெயில், உள்ளே மங்கல். தரை, எண்ணெய் தேய்த்த தோசைக்கல் மாதிரி கருத்து மின்னியது. குனிந்தால் முகம் தெரிகிறது. வெறுங்காலில் ஏறும் குளிர்ச்சியை விட்டு நகர மனம் வரவில்லை.

தரை எதனால் ஆனது என்பதை எல்லா வழிகாட்டிகளும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்: கொட்டாங்கச்சிக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, இன்னும் என்னென்னவோ. இவளும் சொன்னாள், ஆனால் கடைசியில் “அப்படித்தான் சொல்லுவாவ” என்று ஒரு வால் சேர்த்தாள். உப்பரிகை மாளிகையில் இருக்கும் 64 மூலிகை மரங்களால் ஆன கட்டிலுக்கும், அரண்மனையிலிருந்து சாரோட்டுக் கொட்டாரம் வரை போகிறதாம் என்கிற சுரங்கப் பாதைக்கும் அதே வால். 1741, 1750 என்று வருஷம் சொல்லும்போது மட்டும் அந்த வால் கிடையாது. கேட்டதையும் கல்லிலும் ஓலையிலும் இருப்பதையும் ஒரே குரலில் சொல்லாத வழிகாட்டி கிடைப்பது அபூர்வம். அவளுக்குக் கொடுத்த காசில் பாதி இதற்கே தகும் என்று எனக்குத் தோன்றியது.

அக்கா மகளுக்கு வேறு கவலை. 1993-இல் ‘மணிச்சித்ரதாழ்’ படத்தின் ஒரு பகுதியை இங்கே எடுத்தார்கள். ‘சந்திரமுகி’க்கு மூலப் படம் அதுதான்; நம் சந்திரமுகி அதில் நாகவல்லி. “நாகவல்லி ரூம் எது?” என்று அவள் கேட்க, பக்கத்தில் நின்ற இரண்டு குடும்பங்களும் காதைத் தீட்டிக்கொண்டன. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா எங்கே படுத்தார் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

பிறகு வழிகாட்டி ஒரு விளையாட்டு வைத்தாள். இந்த ஊரில் செய்யாத பொருளாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். பூமுகத்தில் கிடக்கும் சீன நாற்காலியை அக்கா சொன்னாள். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய ஜாடிகள் சீனத்து வேலை என்று மகள் கண்டுபிடித்தாள். மூலிகைக் கட்டிலே டச்சுக்காரர் தந்த பரிசு என்று ‘சொல்லுவாவ’. வெளிநாட்டு விருந்தாளிகளுக்கென்று கட்டிய இந்திர விலாசம் என்ற தனிக் கட்டடமே இருக்கிறது. “இதெல்லாம் மலை ஏறியா சார் வந்திருக்கும்?” என்று அத்தானைப் பார்த்துக் கேட்டாள். கடல் அங்கிருந்து 15 கிலோமீட்டருக்குள். கப்பல் இவற்றை இறக்கிவிட்டு எதை ஏற்றிக்கொண்டு போனது என்றால், மிளகு. மலையில் விளைந்த மிளகுதான் இந்தக் கூரையையும் தரையையும் தாங்கியது. கடற்கரையைப் பார்க்காமல் திரும்புகிறவர், திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வீட்டைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது.

கடலுக்குப் போகுமுன் ஊட்டுபுரையைச் சொல்ல வேண்டும். நீண்ட இரண்டு தளங்கள், தளத்துக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது கணக்கு. “ரெண்டாயிரம் பேருக்கு அன்னதானமா, அடேயப்பா” என்று அக்கா நெகிழ்ந்துபோனாள். திருவிதாங்கூர் ஊட்டுபுரைகளின் இலவசச் சாப்பாடு பெரும்பாலும் பிராமணர்களுக்கானது. வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை. “எங்க பூட்டன் வந்திருந்தா இங்க இலை போட்டிருக்க மாட்டாவ அக்கா. கோட்டை வாசல்லயே நிப்பாட்டியிருப்பாவ” என்றாள். இதே மண்ணில் மேலாடை உடுத்தும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் 1822-இலிருந்து போராடினார்கள். அரசின் உத்தரவு வந்தது 1859-இல்; அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அவள் சொல்லி முடித்ததும் அந்த நீளமான கூடத்தை அக்கா இன்னொரு முறை, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தாள். தகவல் பலகையைப் படித்து இது கிடைக்காது. அத்தானுக்கும் அங்கேதான் ‘போர்டு’ பேச்சு நின்றது.

திருவனந்தபுரம் சாலையில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. ஊஞ்சலுக்கும் மான்களுக்கும்தான் கூட்டம் வருகிறது. உள்ளே கொஞ்சம் நடந்தால் கூரை போன ஒரு சிற்றாலயம். அதற்குள் டிலனாயின் கல்லறை. குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைத் தலைவன், தன்னைப் பிடித்த ராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்து ‘வலிய கப்பித்தான்’ ஆகி, இந்தக் கோட்டையைப் பலப்படுத்தி, பீரங்கி வார்க்க உலைக்களம் நடத்தி, 1777-இல் இங்கேயே செத்துப்போனான். கல்லில் லத்தீனும் தமிழும் பக்கம் பக்கமாக வெட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் மனைவி, இளவயதில் போன மகன். தமிழ் எழுத்துகளை விரலால் தடவித் தடவி அத்தான் கூட்டி வாசித்தார்; பாதி பிடிபட்டது.

இதே டிலனாயோடு பழகிக் கிறிஸ்தவரானவர்தான் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, அரண்மனை அதிகாரி. தேவசகாயம் என்ற பெயரோடு சிறைப்பட்டு, 1752-இல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்துக் காற்றாடி மலையில் சுடப்பட்டார். 2022-இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. டச்சுக்காரனுக்குப் பதவி கொடுத்த அதே மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில்தான் இது நடந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிற வழிகாட்டியை இரண்டு தரப்பு பக்தர்களுக்கும் பிடிக்காது.

மதியம் ஒரு சிறு கடையில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். கிழங்கை மசித்துத் தேங்காய் சேர்த்த பதத்தில் ஒரு உருண்டை, குழம்பில் ஒரு தோய்ப்பு. அத்தான் மூன்றாவது தடவை கேட்டு வாங்கினார். பஸ்ஸில் வந்திருந்தால் ‘சவுத் இண்டியன் மீல்ஸ்’தான் கிடைத்திருக்கும்.

குளச்சலில் தூண் நிஜமாகவே வெறும் தூண்தான். சுற்றிலும் வலை, வள்ளம், கருவாட்டு வாசம். ஆனால் காலையில் அந்தத் தரையில் நடந்துவிட்டு இங்கே வந்து நிற்கும்போது கதை வேறாகிவிடுகிறது. மிளகு வியாபாரம் கைவிட்டுப் போகிறதே என்று டச்சுக் கம்பெனி இலங்கையிலிருந்து படை அனுப்பியது. குளச்சலில் இறங்கினார்கள், கரையோர ஊர்களைச் சூறையாடினார்கள். குறி பத்மநாபபுரத்தின் மேல். 1741 ஆகஸ்ட் 10-இல் ராஜாவின் படையிடம் தோற்றார்கள். அந்த வெற்றியின் நினைவுதான் இந்தத் தூண். மார்த்தாண்ட வர்மா பிறகு மிளகை அரசின் ஏகபோகமாக்கினார். 1750-இல் ராஜ்யத்தையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துத் தாசனானார். அதுவரை கல்குளம் என்றிருந்த ஊருக்குப் பத்மநாபபுரம் என்று பேர் வைத்தார். காலையில் நாங்கள் ஏறி இறங்கிய உப்பரிகை மாளிகை கட்டியதும் அந்தச் சமயத்தில்தான். தூணின் கதை முதலில், மாளிகை பிறகு. நாங்கள் பார்த்தது தலைகீழ் வரிசை. அதைத் தெரிந்தேதான் அவள் அப்படி வைத்திருக்கிறாள்.

முக்குவர் தங்கள் துடுப்புகளைத் தோளில் துப்பாக்கி போலச் சாய்த்து நின்றதால் தூரத்திலிருந்து பார்த்த டச்சுக்காரர்கள் பெரும்படை என்று பயந்தார்கள் என்று கரையில் ஒரு கதை உண்டு. அதையும் “சொல்லுவாவ” கணக்கில் போட்டாள். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் விடவில்லை. “என்னத்த சொல்லுவாவ? நடந்ததுதான் மக்ளே” என்றார். அவள் சிரித்துக்கொண்டு, “சரி தாத்தா, நடந்ததுதான்” என்றாள். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி இதே கரையில் நூற்றுக்கணக்கானவர்களை அடித்துக்கொண்டு போனது. பெரியவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மணவாளக்குறிச்சியைத் தாண்டும்போது மணல் ஆலையைக் காட்டினாள். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மிளகு போய் மணல் வந்தது. அந்த மணலைத் தோண்டலாமா கூடாதா என்று கரையோர ஊர்களில் இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. முட்டத்துக் கலங்கரை விளக்கமும் பாறைகளும் அழகுதான்; பாரதிராஜா படங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள், நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஒரே நாளில் காரில் சுற்றிவிடக்கூடிய இந்தக் கதையை ஏன் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை என்று திரும்பும்போது யோசித்தேன். காரணம் 1956 நவம்பர் 1 என்றுதான் தோன்றுகிறது. கன்னியாகுமரி மாவட்டம் அன்றைக்குத் தமிழர்களின் போராட்டத்தால் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் கையில் நின்றுவிட்டது. இன்றும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். ரொம்ப நன்றாகவே பராமரிக்கிறார்கள், நம் ஊர் அரண்மனைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குப் பொறாமை வரும். ஆனால் அவர்கள் தரும் சீட்டு வாசலோடு முடிந்துவிடுகிறது. உதயகிரி தமிழ்நாட்டு வனத்துறைக்கு, குளச்சல் யாருக்குமில்லை. நவராத்திரிக்கு மட்டும் இந்த எல்லை குறுக்கே நிற்பதில்லை. பத்மநாபபுரத்து சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலம் போகிறார்கள். உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளை எடுத்துக் கொடுத்த பிறகுதான் கிளம்புவார்கள்.

வழிகாட்டி வைத்துக்கொள்வதானால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: குளச்சலுக்குக் கூட்டிப் போவீர்களா என்று. “அங்க ஒண்ணுமில்ல சார், சன்செட் பாயிண்ட் போலாம்” என்றால் வேறு ஆள் பாருங்கள். திங்கட்கிழமை அரண்மனை விடுமுறை.