கிளம்ப மறுக்கும் வண்டி

செம்பூரிலிருந்து அன்பர் ஒருவர் எழுதிய கடிதமே இம்மாதம் நம்மை இந்தப் பொருளைப் பற்றி எழுதத் தூண்டியது. அவர் இல்லத்தில் காலஞ்சென்ற தந்தையாரின் பத்மினி வண்டி ஒன்று இருக்கிறது. மழை இரவுக்கு மறுநாள் காலையில் அது கிளம்புவதில்லை. மெக்கானிக் ஒருவர் பாட்டரி போயிற்று என்றார். புதிய பாட்டரி வாங்கியாயிற்று. மற்றொருவர் கார்புரேட்டரை மாற்ற வேண்டும் என்கிறார். இன்னும் செலவழிப்பதா, பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதா என்று அன்பர் கேட்கிறார். அவருடைய அன்னையாருக்கு வண்டியைப் பிரிய மனமில்லையாம்.

குர்லாவில் உருவாகி, 2023 அக்டோபர் வரை மும்பை வீதிகளில் டாக்ஸியாகவும் ஓடிய வண்டி அது. கணிப்பொறி ஏதுமில்லாத எளிய இயந்திரம். அதன் நோயை அறியக் கண்ணும் காதும் மூக்கும் பெரும்பாலும் போதும். பொறுமைதான் வேண்டும். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. வண்டிக்கு மட்டும் அதை ஏன் அனுமதிக்க வேண்டும்?

முதற்கேள்வி இதுதான்: சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுழல்கிறதா, இல்லையா?

சுழலவில்லையெனில் பழுது மின்சாரம் பாயும் பாதையில் இருக்கக்கூடும். முன்விளக்கை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணைந்தால் பாட்டரி இளைத்திருக்கிறது, அல்லது இணைப்பு கெட்டிருக்கிறது. ஒளி குன்றாமல் 'டிக்' என்ற ஓசை மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டரையும் அதற்குச் செல்லும் கம்பிகளையும் சோதிக்க வேண்டும். நல்ல பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் அதற்கு மின்னூட்டம் தேவை.

இவ்விஷயத்தில் நாமே ஒரு முறை ஏமாந்திருக்கிறோம். நம் பழைய வண்டி சுழல மறுத்தபோது, கேட்டவர் சொற்படி புதிய பாட்டரி வாங்கினோம், பயனில்லை. பிறகு தற்செயலாகச் சோக் கம்பியைத் தொட்டோம், அது சுட்டது. எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை துருவேறிப் போனதால், ஸ்டார்ட்டருக்குரிய பெருமின்சாரம் அந்த மெல்லிய கம்பி வழியே திரும்பிக்கொண்டிருந்தது. இன்னும் சிறிது விட்டிருந்தால் தீயே பற்றியிருக்கும். பட்டையை மாற்றினோம், வண்டி கிளம்பிற்று. பழைய பாட்டரியில் குற்றமே இருந்ததில்லை.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையெனில், தீப்பொறியோ பெட்ரோலோ, இரண்டில் ஒன்று குறைகிறது எனக் கொள்ளலாம். இங்கேதான் அன்பரின் கடிதத்தை மீண்டும் படித்தோம். "ஸ்டார்ட்டர் வேகமாகவே சுற்றுகிறது, நண்பகலில் வெயில் பட்டதும் ஒரே திருப்பில் கிளம்பிவிடுகிறது, மழையில்லாத நாட்களில் காலையிலும் தொல்லையில்லை" என்று கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறார். அவர் தேடும் விடை பெரும்பாலும் அவர் கடிதத்திலேயே இருக்கிறது. வேகமாகச் சுற்றுவதால் பாட்டரி குற்றவாளியன்று. வெயிலில் உலர்ந்து குணமாகிற நோய் கார்புரேட்டருடையதாகத் தோன்றவில்லை. ஈரம் பட்டு, தீப்பொறி வழியிலேயே கசிந்துபோகிறது என்பதே நம் ஊகம்.

சோதிக்கும் முறை எளிது. சாவியை எடுத்துவிட்டு டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, மயிரிழை போன்ற வெடிப்போ கரிக்கோடோ தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நான்கு பிளக் கம்பிகளையும் காயில் கம்பியையும் துடையுங்கள். எந்தக் கம்பி எங்கே இருந்ததென்று முன்பே குறித்துக்கொள்வது அவசியம். துடைத்தவுடன் வண்டி கிளம்பினால் காரணம் உறுதியாயிற்று. இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து, மற்றொருவரைச் சாவி திருப்பச் சொன்னால், கசியும் இடத்தில் நீலப்பொறி ஊர்வதைக் காணலாம். அப்போது கை வைக்கலாகாது. அம்மின்சாரம் பல்லாயிரம் வோல்ட். வெடித்த மூடிக்கும் நைந்த கம்பிகளுக்கும் புதியன போட்டால் போதும்.

தீப்பொறி சரியாயிருந்தால் மட்டுமே பெட்ரோலை நாடுக. பல வாரம் நின்ற வண்டியில் கார்புரேட்டர் கிண்ணம் வற்றியிருக்கும். பம்பு அதை நிரப்பச் சில விநாடிகள் சுழற்ற வேண்டும். பெட்ரோல் நெடி மிகுந்தால் எஞ்சின் மூழ்கிவிட்டதென்று பொருள். சோக்கை விடுத்து, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்திச் சுழற்றுக. 2025-இல் நாடெங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. பழைய ரப்பர்க் குழாய்களும் பம்பின் சவ்வும் அதற்கென்று செய்யப்பட்டவையல்ல. அவற்றில் கசிவு உண்டா என்று பார்த்து வருதல் நன்று. பெட்ரோல் நெடி அடிக்கும்போது தீப்பொறிச் சோதனை எதுவும் கூடாது. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை இயக்காமல், இடையே ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

செம்பூர் அன்பருக்கு நாம் சொல்வது இவ்வளவே. இரும்புக் கடைக்காரரை அழைக்குமுன், அடுத்த மழைக்கு மறுநாள் காலை ஓர் உலர்ந்த துணியுடன் வண்டியருகே செல்லுங்கள். அன்னையாரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். தந்தையார் மழைக்காலத்தில் பானெட்டைத் திறந்து எதைத் துடைப்பார் என்று அவருக்கு நினைவிருக்கலாம். விளைவை நமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வோம்.