பத்திரத்தில் வரும் அந்தப் ‘புத்திரர்’ யார்?

அப்பா காலமாகி, சொத்தைப் பிரித்துக்கொள்ள அண்ணன் தங்கைகள் உட்காரும்போதுதான் பல வீடுகளில் பழைய கிரயப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வருகிறது. யாராவது ஒரு பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பார். ‘தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது...’

“பார்த்தீங்களா, புத்திரன், பேரன்னுதானே எழுதியிருக்கு? பொண்ணுங்களுக்கு எங்கே இடம்?” என்று கூடவே ஒரு குரல் எழும். பத்திரத்திலேயே எழுதியிருக்கும்போது என்ன பேசுவது என்று தங்கைகளும் வாயடைத்துப் போவார்கள்.

புத்திரன் என்றால் மகன், பௌத்திரன் என்றால் மகன் வழிப் பேரன். அகராதிப்படி சரிதான். ஆனால் பத்திரத்தில் அந்தத் தொடர் செய்யும் வேலை வேறு. ‘இந்தச் சொத்து வாங்குபவரின் ஆயுளோடு முடிவதல்ல, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் முழு உரிமை’ என்று சொல்வதற்கான வாய்பாடு அது. பெண்களை ஒதுக்கும் சொல் அல்ல என்பதை வெள்ளைக்காரர் காலத்திலேயே நீதிமன்றங்கள் தெளிவாக்கிவிட்டன. சந்தேகம் இருந்தால், அம்மா பெயரிலோ பாட்டி பெயரிலோ வாங்கிய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதிலும் இதே வரிதான் இருக்கும். பத்திர எழுத்தர்கள் ஆளைப் பார்த்து அதை மாற்றி எழுதியதில்லை.

அடுத்து வரும் ‘தானாதி வினிமய விக்கிரயங்கள்’ இன்னும் மிரட்டும். தானம் கொடுப்பது, வினிமயம் என்றால் பண்டமாற்றுப் போல மாற்றிக்கொள்வது, விக்கிரயம் என்றால் விற்பது. இம்மூன்றுக்கும் ‘யோக்கியமாய்’, அதாவது தகுதியோடு, சொத்தை வைத்துக்கொள்ளலாம். வாங்கியவர் கையைக் கட்டவில்லை என்பதுதான் மொத்த அர்த்தமும்.

அப்படியானால் பங்கு யாருக்கு? அதைக் கிரயப் பத்திரம் முடிவு செய்வதில்லை, வாரிசுரிமைச் சட்டம்தான் முடிவு செய்கிறது. இந்துக் குடும்பத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்தை உயில் எழுதாமல் விட்டுப் போனால், 1956-ஆம் வருடச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய தாயார், எல்லோருக்கும் சம பங்கு. கல்யாணமாகிப் போன மகள் என்பதால் குறையாது. பூர்வீகச் சொத்தின் கணக்கு வேறு. அதிலும் தமிழ்நாடு 1989-லும், மத்திய அரசு 2005-லும் சட்டத்தைத் திருத்தி மகள்களை உள்ளே கொண்டுவந்துவிட்டன. ‘ஆண் சந்ததிகளுக்கு மட்டும்’ என்று ஒரு செட்டில்மென்டிலோ உயிலிலோ தெளிவாக எழுதியிருந்தால், அதை வக்கீலிடம் காட்டியே ஆக வேண்டும். வெறும் ‘புத்திர பௌத்திர’ அந்த ரகம் இல்லை.

அதே பத்திரத்தில் மந்திரம் மாதிரி இன்னொரு வரி இருக்கும்: ‘நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்த சாத்தியங்கள்’. விஜயநகர மன்னர்களின் செப்பேடுகளிலிருந்தே வரும் பட்டியல் இது. நிதி, நிட்சேபம் இரண்டும் புதையலும் மறைத்து வைத்த பொருளும். ஜலம் தண்ணீர், தரு மரம், பாஷாணம் கல் (விஷம் இல்லை, பயப்பட வேண்டாம்). அட்சிணி நிலையான பலன், ஆகாமி இனி வரப்போவது. சித்தம் ஏற்கெனவே கைக்கு வந்தது, சாத்தியம் முயன்றால் வரக்கூடியது.

‘நிதி’ என்று எழுதியிருக்கிறதே, கடைக்கால் தோண்டும்போது பானை கிடைத்தால் நமக்குத்தானே என்று கேட்கலாம். இல்லை. 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. அந்தப் பத்து ரூபாய் வரம்பைப் பார்த்தாலே சட்டத்தின் வயசு தெரியும்.

பேரழகான இந்தப் பட்டியலைவிட, ஓரமாகக் கிடக்கும் ஒரு சாதாரணச் சொல்லுக்குத்தான் இன்று மதிப்பு அதிகம். ‘மாமூல் வழிநடை வண்டித்தட பாத்தியம் சகிதம்’ என்று எழுதியிருக்கும். மாமூல் என்றதும் நமக்கு வேறு ஞாபகம் வருகிறது. அரபியிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு ‘வழக்கமாக நடந்து வருவது’ என்பதுதான் பொருள். பக்கத்து நிலத்தின் ஓரமாக உங்கள் வயலுக்குக் காலங்காலமாக வண்டி போய்வந்த உரிமை அது. நிலம் கை மாறி, புது ஆள் முள்வேலி போட்டு மறிக்கும் நாளில், முதலில் தேட வேண்டிய வரி இதுதான். விற்கும்போதும் வாங்கும்போதும் புதுப் பத்திரத்தில் அது விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் அடிக்கும்போது ‘பழைய வார்த்தைதானே’ என்று தூக்கிவிடுகிறார்கள்.

பத்திரத்தோடு சேர்த்து மடித்து வைத்திருக்கும் கிஸ்து ரசீதுகளில் ‘பசலி 1400’ என்பது போல ஓர் எண் இருக்கும். அது வருவாய்த்துறையின் வருடக் கணக்கு. ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருடம் வந்துவிடும்; பசலி 1400 என்றால் 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை. நிலத்துக்கு யார் தீர்வை கட்டி வந்தார்கள் என்ற கேள்வி வரும்போது அந்தத் துண்டுச் சீட்டுகள் பேசும். சுத்தம் செய்கிறேன் என்று பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.