கடலுக்கும் ஒரு பாடவேளை வேண்டும்

"உங்கட ஆக்கள் எல்லாரும் கப்பல்ல வந்தவங்கதானே?"

வெள்ளவத்தையில் நான் படிக்கும் வரலாற்று டியூஷன் வகுப்பில், பக்கத்தில் இருந்த தோழி ஒருநாள் இப்படிக் கேட்டாள். அவள் மனதில் வஞ்சகம் இல்லை. "அப்ப உங்கட ஆக்கள் நடந்தா வந்தவங்க?" என்று நானும் கேட்டேன். இருவரும் சிரித்தோம். ஆனால் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவளுக்கும் பதில் தெரியாது, எனக்கும் தெரியாது. இத்தனைக்கும் இருவரும் உயர்தரத்தில் வரலாறு படிப்பவர்கள்!

நாம் படிக்கும் வரலாறு பெரும்பாலும் தரையிலேயே நடக்கிறது. அரசர்கள், குளங்கள், தலைநகரங்கள், போர்கள். விஜயன் கப்பலில் வந்தான் என்று படிக்கிறோம். சங்கமித்தை வெள்ளரசுக் கிளையுடன் வடக்கே வந்து இறங்கினார் என்று படிக்கிறோம். ஆனால் எப்படிப்பட்ட கப்பல், எந்தக் காற்றில் வந்தது, அதைச் செலுத்தியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. பிறகு 1505 இல் போர்த்துக்கேயரும், அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வரும்போதுதான் கடல் பெரிதாகத் தெரிகிறது. அதனால் கடல் வழியே வந்தவர் என்றாலே அந்நியர் என்ற எண்ணம் நம்மை அறியாமலே மனதில் படிந்துவிடுகிறது. நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய பிழை!

கடல்சார் வரலாறு நமது பல்கலைக்கழகங்களில் தனித் துறையாக வளர வேண்டும், பாடசாலையிலும் அதற்கு இடம் வேண்டும் என்பதே என் கருத்து.

கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள காலி மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கள். 1409 ஆம் ஆண்டைச் சேர்ந்த இக்கல் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பல்களில் வந்தது. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயரிலும் அதில் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்று அறியும்போது நமக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் 1411 இல் நம் நாட்டு ஆட்சியாளர் ஒருவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றதும் அவருடைய படைதான். ஆகவே நான் கேட்பது பெருமைப் பட்டியல் அல்ல. நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொல்லும் ஒரு கல்வி.

'இதை வரலாற்றுப் பாடத்துக்குள்ளேயே படிக்கலாமே, தனித் துறை எதற்கு?' என்று கேட்கலாம். அந்த ஒரு கல்லைப் படிக்கவே மூன்று மொழிகள் வேண்டும். அது வந்த பாதையை அறியப் பருவக்காற்றும் வணிகமும் கப்பல் கட்டும் முறையும் தெரிய வேண்டும். 1659 இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய 'அவொன்ட்ஸ்டர்' என்ற ஒல்லாந்தக் கப்பலை நம் நாட்டுச் சுழியோடிகளும் கடலடியில் இறங்கி ஆராய்ந்தார்கள். அதற்கு நீந்தவும் தெரிய வேண்டும், பழைய ஏடுகளை வாசிக்கவும் தெரிய வேண்டும். இவற்றையெல்லாம் ஓர் அத்தியாயத்தில் அடக்க முடியுமா? கடற்கரையில் இல்லாத தஞ்சாவூரிலேயே தமிழ்ப் பல்கலைக்கழகம் கடல்சார் வரலாற்றுக்கும் தொல்லியலுக்கும் ஒரு துறை வைத்திருக்கிறது. துறைமுகத்தின் வாசலில் இருக்கும் நமக்கு அது கூடாதா?

"இதைப் படிச்சா என்ன வேல கிடைக்கும் மகள்?" என்று உம்மா கேட்கிறார். நியாயமான கேள்விதான். நூதனசாலை, தொல்லியல், சுவடிகள் பாதுகாப்பு, சுற்றுலா எனச் சில வழிகள் உண்டு. அவை அதிகம் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தமிழும் சிங்களமும் பேசி, அரபு எழுத்தை வாசிக்கப் பழகி வளர்ந்த பெண்பிள்ளைகளைவிட இத்துறைக்குப் பொருத்தமானவர்கள் யார்? பாதி ஆயத்தம் நம் வீடுகளிலேயே நடந்துவிட்டது.

மர்ஹூம் ஆகிவிட்ட எங்கள் அப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர். கொன்டெய்னர்கள் வருமுன் மூடைகளைத் தோளில் சுமந்தவர்களின் பெயர்களையும், ஊர்களையும், அவர்கள் பேசிய மொழிகளையும் அவர் மனதிலே வைத்திருந்தார். நான் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. அவர் போனபோது அந்த ஏடும் போய்விட்டது.

தோழியரே, பல்கலைக்கழகம் துறை திறக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் இன்னும் பல அப்பாமார் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் ஆளுக்கொரு கொப்பியுடன் அவர்களிடம் போவோம். அந்த வெள்ளவத்தைத் தோழியையும் நான் அழைத்திருக்கிறேன். அவளுடைய தாத்தாவும் துறைமுகத்தில் வேலை செய்தவராம்.